‘இவர்’ என்று முடியும் வாக்கியம்: செம்பியன் மாதேவியின் அறுபது ஆண்டுகள்

கும்பகோணத்திலிருந்து காரைக்கால் போகும் சாலையில் எஸ்.புதூர் வரை போய் உள்ளே திரும்பினால் கோனேரிராஜபுரம். தேவாரத்தில் இதன் பெயர் திருநல்லம். ஆளுயரத்தையும் மிஞ்சிய நடராசர் செப்புத் திருமேனியைப் பார்க்கத்தான் இங்கே கூட்டம் வருகிறது. கருவறையின் தெற்குச் சுவருக்கு அருகில் நிற்பவர்கள் குறைவு. அந்தச் சுவரில் ஒரு சிறிய புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஒருவர் லிங்கத்தை வழிபடுகிறார். பக்கத்திலேயே கல்வெட்டு.

ஒரே நீளமான வாக்கியம் அது. கண்டராதித்த தேவரின் தேவியாரான செம்பியன் மாதேவியார், தம் திருமகனார் உத்தம சோழர் அரசாளும் காலத்தில், தம்முடையார் கண்டராதித்த தேவர் திருநாமத்தால், திருநல்லமுடையாருக்குக் கற்றளி, அதாவது கற்கோயில், எடுப்பித்தார் என்று ஓடி, அந்தக் கற்றளியிலேயே ‘திருவடித் தொழுகின்றாராக எழுந்தருளுவித்த ஸ்ரீ கண்டராதித்த தேவர் இவர்’ என்று முடிகிறது.

இலக்கணம் படித்தவர்கள் இந்த வாக்கியத்தை ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். கட்டியவர், செதுக்க வைத்தவர், செலவழித்தவர் எல்லாமே அரசியார். ஆனால் ‘இவர்’ என்று விரல் நீட்டிக் காட்டப்படுவது கணவர். காலக் குறிப்பாக நிற்பது மகனின் ஆட்சி. நடுவே நின்று இரண்டு ஆண்களையும் தாங்கிப் பிடிக்கிறது அவருடைய பெயர். சோழ நாட்டில் ஓர் அரசரின் மனைவி பொதுவாழ்வில் எப்படி இயங்கினார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

நாவலும் சினிமாவும் தந்த வெள்ளுடைக் கைம்பெண் உருவத்தோடுதான் பெரும்பாலோர் இவரை அறிவார்கள். எப்போதும் திருநீறு, எப்போதும் சாந்தம். கல்வெட்டுகளில் தெரியும் அரசியார் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரர்.

‘செம்பியன்’ என்றால் சோழன். ‘மாதேவி’ என்றால் பெருந்தேவி. ஆக, நாம் பெயர் என்று சொல்வதே ஒரு பட்டம்தான். மழவரையர் மகளார் என்று கல்வெட்டுகள் அவரை அடையாளம் காட்டுகின்றன. கொள்ளிடத்துக்கு வடக்கே இருந்த மழநாட்டுச் சிற்றரசர் குடும்பம் அது. சோழர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பெண் எடுத்தார்கள். மழவர், பழுவேட்டரையர், மலையமான், கொடும்பாளூர் வேளிர் என்று சுற்றியிருந்த தலைவர்களின் வீட்டுப் பெண்கள் தஞ்சைக்கும் பழையாறைக்கும் வந்தார்கள். அவர்களோடு அந்தந்த நாட்டுப் படையும் விசுவாசமும் வந்தன. அரசியின் முதல் அரசியல் பணி அவர் தாலி கட்டிக்கொண்ட அன்றே முடிந்துவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான் எழுதி வைத்த விதி கிடையாது.

இவர் பெயர் வெளிச்சத்துக்கு வருவது ஒரு விளக்கில். கி.பி. 941இல், மாமனார் முதலாம் பராந்தகன் ஆண்டுகொண்டிருந்தபோது, சிவன் முன் அணையாமல் எரிய ஒரு நொந்தா விளக்குக்கு நிவந்தம், அதாவது நிலைக்கொடை, வைக்கிறார். விளக்குதானே என்று தள்ளிவிடக் கூடாது. சோழர் காலத்தில் ஒரு நொந்தா விளக்கு என்பது ஒரு சிறிய முதலீட்டுத் திட்டம். பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் ஓர் இடையரிடம் ஒப்படைக்கப்படும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு கிழடானால், செத்தால், குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால்தான் கல்வெட்டுகள் இவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன: சாகாத, மூப்படையாத ஆடுகள். முதல் கரையாது, வட்டி மட்டும் நெய்யாக வந்துகொண்டே இருக்கும். அரண்மனைப் பெண் ஒருத்தி ஊர் இடையரோடும், கோயிலோடும், கணக்கு பார்க்கும் சபையோடும் தன் பெயரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழி இது. கொடை என்ற சொல்லுக்குள் இவ்வளவு நிர்வாகம் ஒளிந்திருக்கிறது.

எட்டு ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 949இல் தக்கோலப் போரில் இராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் கையால், பட்டத்து இளவரசர் இராஜாதித்தர் யானை மேலேயே மாண்டார். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. அண்ணன் இறந்ததால் அரசுரிமை கண்டராதித்தருக்கு வந்தது. வாளைவிடத் தமிழில் நாட்டம் அதிகமுள்ளவர் அவர். தில்லைச் சிற்றம்பலத்தைப் பாடிய அவருடைய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அதன் கடைசிப் பாட்டில் கோழிவேந்தன், தஞ்சையர்கோன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். சுருங்கிப்போன நாட்டுக்கு அரசராகச் சில ஆண்டுகள் இருந்து 957வாக்கில் மறைந்தார். கல்வெட்டுகள் அவரை ‘மேற்கெழுந்தருளின தேவர்’ என்கின்றன. மேற்கே போனது யாத்திரையா, இறப்பைச் சொல்லும் மங்கல வழக்கா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

மனைவியாக அரண்மனையில் அவர் கழித்த காலம் போக, கைம்பெண்ணாக மட்டும் 44 ஆண்டுகள் கழித்திருக்கிறார். அவருடைய பெரிய வேலைகள் அத்தனையும் இந்த 44 ஆண்டுகளுக்குள் வருபவை.

இதை அதே குடும்பத்தின் இன்னொரு அரசியோடு வைத்துப் பார்த்தால்தான் எடை தெரியும். கண்டராதித்தரின் தம்பி மகனும் பின்னால் அரசரானவருமான சுந்தர சோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தபோது அவருடைய தேவி வானவன் மாதேவி உடன் தீப்புகுந்தார். முதலாம் இராஜராஜனின் தாய் அவர்தான். திருக்கோவலூர் வீரட்டானத்துக் கல்வெட்டு அதைப் பாட்டாகவே சொல்கிறது: ‘முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்’. பால்குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டு, முழங்கும் தீயின் நடுவிலும் கணவனைப் பிரியாதவள். படிக்கும்போது நெஞ்சு கனக்கும் வரி. ஆனால் எழுதியவர் புகழ்வதற்காக எழுதிய வரி.

சோழ அரசியர் எல்லாரும் தீப்பாய்ந்தவர்கள் அல்லர். அதற்கான சான்றுகள் மிகச் சிலவே. ஆனால் பாட்டு யாருக்குக் கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். செம்பியன் மாதேவி மகனுக்காக உயிரோடு இருந்தார் என்று சொல்லிவிடுவது எளிது. அதே வீட்டில் கைக்குழந்தையை விட்டுப் போனவரைத்தான் கல் கொண்டாடுகிறது என்பதால், அந்த எளிய பதில் எனக்குப் போதவில்லை. கணவரைப் பின்தொடர்வதற்கு அவர் வேறொரு வழி கண்டுபிடித்தார் என்றே தோன்றுகிறது. கணவர் பாடிய தெய்வத்துக்கு, கணவர் பெயரில், கல்லில் வீடு கட்டுவது.

கல் என்பதுதான் இங்கே முக்கியம். காவிரிப் படுகையில் எங்கு தோண்டினாலும் வண்டல்தான், பாறை கிடையாது. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலங்கள் பலவும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. இரண்டு வெள்ளம், ஒரு தீ விபத்து போதும், கோயில் மண்ணாகிவிடும். அவற்றைக் கற்றளியாக்கும் வேலையை இவருக்கு முன்பே ஆதித்தனும் பராந்தகனும் தொடங்கியிருந்தார்கள். ஆனால் ஒரு தனி மனிதர், அதுவும் அரியணையில் இல்லாதவர், இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டது இவர் காலத்தில்தான்.

இவர் எடுப்பித்தவையாக அறிஞர்கள் வழக்கமாகப் பத்துக் கோயில்களைச் சொல்வார்கள். திருநல்லம், திருக்கோடிகாவல், ஆடுதுறை என்று நாம் சொல்லும் தென்குரங்காடுதுறை, குத்தாலமாகிய திருத்துருத்தி, திருமணஞ்சேரி, திருவாரூர்ப் பெரிய கோயிலுக்குள்ளேயே இருக்கும் அரநெறி, விருத்தாசலமாகிய திருமுதுகுன்றம், திருவக்கரை, ஆனாங்கூர், பிறகு இவர் பெயரிலேயே அமைந்த ஊரின் கைலாசநாதர் கோயில். பத்தில் எட்டு பாடல் பெற்ற தலங்கள். தேர்வு தற்செயலாக நடந்ததல்ல. தேவாரம் பாடிய ஊர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கல்லாக்கியது போல இருக்கிறது. தமிழ்நாட்டின் சைவ வரைபடம் ஏட்டிலிருந்து நிலத்துக்கு இறங்கிய கட்டம் இது. தேவாரத்தைத் தேடித் தொகுத்த கதை இராஜராஜனோடு சேர்த்துச் சொல்லப்படுவதற்குக் குறைந்தது பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னாலேயே இது தொடங்கிவிட்டது.

ஒரு கற்றளி எழும்ப மேற்கே பாறையுள்ள மேட்டு நிலங்களிலிருந்து கல் வர வேண்டும். வண்டி, மாடு, ஆற்றைக் கடக்கும் வழி, தச்சர், கற்சிற்பி, அவர்களுக்கு நெல் என்று ஒரு நீண்ட சங்கிலி. கட்டி முடித்த பிறகு பூசைக்கு, பாடுவோருக்கு, விளக்குக்கு, திருப்பதிகம் விண்ணப்பிப்போருக்கு, பூந்தோட்டக்காரருக்கு நிலம் விட வேண்டும். அந்த நிலத்தின் வரி எங்கே போகும் என்று ஊர்ச்சபையோடு பேச வேண்டும். இவ்வளவையும் நடத்த அரசியாருக்கென்று அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை நாம் பார்க்கவே முடியும். திருநல்லத்தில் கண்டராதித்தர் சிற்பத்துக்குக் கீழே இன்னொரு சிறிய உருவம் உண்டு. இந்தக் கற்றளியைச் செய்வித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்று கல்வெட்டு அவரைச் சொல்கிறது. இராஜகேசரி மூவேந்தவேளான் என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. மேற்பார்வை பார்த்த அதிகாரிக்கு இறைவன் சுவரிலேயே இடம் கொடுத்த எசமானி! கல் இழுத்த மாட்டுக்கும் வண்டிக்காரருக்கும் அந்தச் சுவரில் இடமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருக்கோடிகாவலில் நடந்தது இதைவிடச் சுவையானது. பழைய கோயிலை எடுத்துவிட்டுக் கற்றளி கட்டும்போது, தனித்தனிக் கற்களில் வெட்டியிருந்த பழைய சாசனங்கள் கிடந்தன. பல்லவர் காலத்துக் கொடைகளும் அவற்றில் உண்டு. அவற்றை என்ன செய்வது? புதுச் சுவரில் அப்படியே படியெடுத்து வெட்டச் செய்தார்கள். படி எடுத்தாயிற்று, இனி இந்தக் கற்களால் பயனில்லை என்று சொல்லிப் பழையவற்றைத் தள்ளினார்கள். அந்தப் பிரதிகளின் தலைப்பில் ‘இதுவுமொரு பழங்கற்படி’ என்று எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய பதிவு அலுவலகத்தில் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்துவது போல. யாரோ எப்போதோ கொடுத்த ஆடும் நிலமும், தான் கட்டும் புதுக் கோயிலில் காணாமல் போகக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. பக்தி என்று மட்டும் இதற்குப் பெயர் வைக்க முடியாது. ஆவணத்தின் மதிப்பு தெரிந்த ஒருவரின் வேலை இது. புதுக் கோயில் கட்டுபவர்கள் பழைய கல்வெட்டை என்ன செய்கிறார்கள் என்பதை நம் காலத்துத் திருப்பணிகளில் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

இந்தக் கோயில்களின் சுவர் மாடங்களையும் கவனிக்க வேண்டும். அதற்கு முன் மூன்று நான்கு உருவங்களோடு நின்றுவிடும் தேவகோட்டங்கள் இவர் கோயில்களில் பெருகுகின்றன. பிள்ளையார், அகத்தியர், பிச்சாடனர், மாதொருபாகர் என்று வரிசை நீள்கிறது. தென்புறத்தில் ஆடல்வல்லான் வந்து நிற்கிறான். கணவர் பாடியது தில்லைக்கூத்தனை. மனைவி அந்தக் கூத்தனைத் தான் கட்டிய கோயில் சுவர்களில் நிறுத்தினார். பின்னாளில் உலகமே சோழர் கலையின் அடையாளமாகக் கொண்டாடப் போகும் உருவம் ஊர் ஊராகப் பரவியதில் இந்த வீட்டு நினைவுக்கும் பங்கு உண்டு.

இனி அரசியல். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பறித்த செய்தி, இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டில் வருகிறது. அந்தக் கொலைக்கும் இராஜராஜனுக்கும் இடையே ஆட்சி செய்தவர் செம்பியன் மாதேவியின் மகன் மதுராந்தகன் என்கிற உத்தம சோழர். சுமார் 970 முதல் 985 வரை. சிற்றப்பாவுக்கு ஆசை இருக்கும்வரை தான் அரியணை விரும்பவில்லை என்று அருள்மொழி (பின்னாளில் இராஜராஜன்) விலகி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு நயமாகச் சொல்கிறது. இந்த நயத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நூறு ஆண்டுகளாகச் சண்டை.

அம்மா மகனுக்கு அரசு வேண்டாம் என்று தடுத்தார் என்பது கதைகள் நமக்குப் பழக்கிய காட்சி. கல்வெட்டுகள் வேறு தொனியில் பேசுகின்றன. ‘உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்’ என்றே அவரை அறிமுகம் செய்கின்றன. ‘திருவயிறு வாய்த்த’ என்பதைக் கவனியுங்கள். மகன் அரசனானதை மறைக்கவோ அதற்கு வருந்தவோ செய்கிற தாயின் விலாசம் அல்ல இது. அவருடைய பெரிய கற்றளிகள் பலவும் மகன் ஆட்சியில் எழுந்தவை. அரசாங்க இயந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த 15 ஆண்டுகளை அவர் முழுமையாகப் பயன்படுத்தினார். அதே சமயம் நாட்டுக்கும் ஒரு தேவை இருந்தது. தக்கோலத்தில் இழந்ததை மீட்டுக்கொண்டிருந்த அரசு அது. அரண்மனையில் கொலையும் விழுந்துவிட்டது. மக்கள் தினமும் போகும் கோயிலில் சோழ வீட்டின் பெயர் கல்லில் நிற்பது அப்படிப்பட்ட நேரத்தில் சிறிய விஷயமில்லை. படை போய் நிற்கும் இடத்தில் பயம் இருக்கும். ஊருக்குள் விளக்கேற்றிய பாட்டியின் பெயருக்கு யார் எதிர்ப்பு சொல்வார்கள்?

985இல் உத்தம சோழர் இறந்தார். அரசுரிமை அவருடைய மகனுக்குப் போகவில்லை, இராஜராஜனுக்குப் போயிற்று. அரச குடும்பங்களில் இந்தக் கட்டத்தில்தான் பழைய அரசரின் தாய் காணாமல் போவார். செம்பியன் மாதேவி காணாமல் போகவில்லை. இன்னும் 16 ஆண்டுகள் கொடை கொடுத்துக்கொண்டே இருந்தார். திருவக்கரைக் கற்றளி 1001இல், இராஜராஜனின் 16ஆம் ஆட்சியாண்டில் வருகிறது. பேரன் மதுராந்தகன் கண்டராதித்தனும் ஒதுக்கப்படவில்லை. இராஜராஜனின் ஆட்சியில் கோயில் காரியங்களை ஆராயும் அதிகாரியாக அவனைக் கல்வெட்டுகளில் பார்க்கிறோம். அரியணை கிடைக்காத பேரனுக்குப் பாட்டியின் துறை கிடைத்தது என்று நான் இதைப் படிக்கிறேன். கொஞ்சம் அதிகப்படியாகவும் இருக்கலாம்.

ஆறு அரசர்களைப் பார்த்த கண்கள் அவருடையவை: பராந்தகன், கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர், உத்தமர், இராஜராஜன். மருமகள், தேவி, அண்ணி, பெரியம்மா, தாய், பாட்டி முறை என்று ஒவ்வோர் ஆட்சியிலும் உறவு மாறியது. செய்த வேலை மாறவில்லை. அடுத்த தலைமுறை அரசியருக்கு அதுவே வழியாயிற்று. இராஜராஜனின் பட்டத்தரசி உலகமாதேவி திருவையாற்றில் வட கைலாசம் எடுப்பித்தார். அக்கா குந்தவை தாதாபுரத்தில் கோயில்கள் கட்டினார். தஞ்சைப் பெரிய கோயிலில் தம் பெற்றோர் திருமேனிகளை வைத்தார்.

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் செம்பியன் மாதேவி என்ற ஊர் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. அன்று அது செம்பியன் மாதேவிச் சதுர்வேதிமங்கலம். அங்கிருக்கும் கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. சித்திரை மாதக் கேட்டை அரசியாரின் பிறந்த நாள். உத்தம சோழரின் தேவியர், அதாவது மருமகள்கள், மாமியாரின் அந்த நட்சத்திர நாளில் சிறப்பு வழிபாடு நடக்கக் கொடை கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் அல்ல, பல மருமகள்கள். அரண்மனைக்குள் என்ன பேசிக்கொண்டார்களோ, கல்லில் ஒற்றுமையாகத்தான் நிற்கிறார்கள். ஊர்ச்சபை கூடிய மண்டபத்துக்கும் அரசியார் பெயர். அவர் மறைந்த பிறகு, இராஜேந்திர சோழன் காலத்தில், அந்தக் கோயிலில் அவருக்கே திருமேனி எழுந்தருளுவித்து நிவந்தம் வைத்தார்கள். வாழ்நாளெல்லாம் பிறரைச் சுவரில் வைத்தவர் கடைசியில் தாமே வழிபடும் உருவமானார்.

வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் ஒரு செப்புத் திருமேனி இருக்கிறது. ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகமான உயரம், நீண்டு தொங்கும் இடக்கை, சரிந்த தோள், மெலிந்த இடை. பார்வதியின் வடிவில் செம்பியன் மாதேவி என்று அதை அடையாளம் சொல்கிறார்கள். இது அரசியின் உருவமா, அம்மனின் உருவம்தானா என்று கலை வரலாற்றாளர்கள் ஒத்துப்போகவில்லை. கலைக்கூடம் அதை வாங்கியது 1929இல். இந்தச் சிலை செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலிலிருந்து திருடப்பட்டது, திரும்ப வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 2022இல் அறிவித்தது. திருக்கோடிகாவலில் பழங்கற்களுக்கெல்லாம் படி எடுத்து வைத்த அரசியாரின் சிலையைத் திரும்பக் கேட்பதற்கு, காவல்துறை பழைய படங்களையும் ஆவணங்களையும் தேட வேண்டியதாயிற்று.